சென்சாருக்கு ஒரு வாளி தண்ணீர்

1

இந்தக் கதை எப்படித் தோன்றியது என்று யாராவது கேட்டால், மனத்தில் ஒரு வரி மின்னியது, ஒரு முகம் விடாமல் துரத்தியது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. தங்கை போன் பண்ணினாள்.

"அக்கா, ஒரு வெற்றிக் கதை வேணும். ரெண்டு பக்கம். போட்டோவுக்கு இடம் விடணும்."

"யாரோட வெற்றி?"

"அதெல்லாம் நீ எழுதறதைப் பொறுத்துதான்."

தங்கை வேளாண் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். அவளுடைய துறை, சுற்றுவட்டார விவசாயிகளைப் பல்கலைக்கழகத்தோடு டிஜிட்டல் வழியில் இணைக்கும் ஒரு திட்டத்தை நடத்துகிறது. பெயர் 'வயலும் வளாகமும்'. திட்டத்தின் ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது, அதில் ஒரு விவசாயி சிரித்தாக வேண்டும். நான் விளம்பரக் கையேடுகள் எழுதிப் பிழைப்பவள். வாட்டர் ஹீட்டர், மூட்டுவலி மருத்துவமனை, வீட்டு மனை, எதைக் கொடுத்தாலும் கடைசிப் பத்தியில் யாரையாவது சிரிக்க வைத்துவிடுவேன். சரி என்றேன்.

அந்த வெற்றிக் கதையை எழுதியும் கொடுத்துவிட்டேன், அது அச்சாகியும் விட்டது. நீங்கள் இப்போது படிப்பது அது இல்லை. அதை எழுதும்போது ஒவ்வொரு வரியாக வெட்டிப் போட்டேன் அல்லவா, வெட்டிப் போட்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து எழுதுவது இது.

(இதுவரை படித்துவிட்டுத் தங்கை சொன்னது: "சூப்பர்க்கா." இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டுவலிக் கையேட்டைப் படித்துவிட்டும் அதையேதான் சொன்னாள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"கீழ்வானம் சிவக்கும் வேளை. பனித்துளிகள் முத்தாய் மின்ன, வயலை நோக்கி நடக்கிறார் அந்தப் பெண்மணி. அவர் கையில் மண்வெட்டி இல்லை. ஸ்மார்ட்—"

நிறுத்திவிட்டேன். காலையில் வயலுக்குப் போகிறவர்கள் கீழ்வானத்தைப் பார்ப்பதில்லை என்று பிற்பாடு நேரிலேயே தெரிந்துகொண்டேன். ஒற்றைச் செருப்பை நாய் எங்கே இழுத்துக்கொண்டு போயிற்று என்றுதான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

"அன்று விவசாயி வானத்தைப் பார்த்தார். இன்று போனைப் பார்க்கிறார்."

இது துறைத் தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அடுத்து வந்த கருத்தரங்கில் தானே யோசித்தது மாதிரி ஒரு இடைவெளி விட்டுச் சொன்னாராம், கைதட்டலும் வாங்கினாராம். எனக்கு வருத்தமில்லை. விவசாயி போனைப் பார்க்கிறார் என்பது முழு உண்மை. தொடர் பார்க்கிறார், அது திக்கித் திக்கி ஓடினால் திட்டத்துக்காகப் போட்ட செயலிதான் காரணம் என்று பல்கலைக்கழகத்தைத் திட்டுகிறார்.

மூன்றாவது:

"ஒரு வாளித் தண்ணீரோடு—"

இத்தோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு எழுதினால் ஆண்டு மலரில் வராது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் கதை அந்த வாளிக்குள்தான் இருக்கிறது. அதற்குப் போகுமுன் திட்டத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், விளக்கக் கூட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களாம்.

3

ஒவ்வொரு வயலிலும் ஒரு சென்சார். இடுப்பு உயரத்துக்கு வெள்ளைக் குழாய், அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரிய ஒளியில் இயங்கும் ஒரு தகடு. குழாயின் அடிப்பகுதி செடியின் வேர் போகிற ஆழத்துக்கு மண்ணுக்குள் இருக்கும். மண்ணில் எவ்வளவு ஈரம் என்று அது பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் ஓர் அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே பல் கிட்டிக்கும் அளவுக்குக் குளிர். சுவர் நிறைய ஒரு திரை, அதில் வயலுக்கு ஒரு புள்ளி. ஈரம் இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், காய்ந்தால் சிவப்பு. சிவந்ததும் அந்த விவசாயியின் போனுக்குத் தானாக ஓர் அழைப்பு போகும். "வணக்கம். உங்கள் வயலுக்கு நீர் தேவை" என்று ஒரு பெண் குரல் சொல்லும். குரல் தங்கையுடையது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து "மோட்டாரை நிறுத்து, தொட்டி வழியுது" என்று கத்துகிற அதே குரல்தான், கொஞ்சம் துடைத்து எடுத்திருக்கிறார்கள்.

துறைத் தலைவரை ஆய்வு மாணவர்கள் 'பச்சை சார்' என்பார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். கெட்டவர் இல்லை. மாணவர் யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கூடவே உட்கார்ந்திருப்பார். ஆனால் திரையில் ஒரு புள்ளி சிவந்துவிட்டால் மனிதர் ஆளே மாறிவிடுவார். அந்த வயல் ஏன் காய்ந்தது என்று கேட்க மாட்டார். "யாரோட புள்ளி இது?" என்றுதான் கேட்பார்.

ஏனென்றால் ஒவ்வொரு பகுதிப் புள்ளிகளுக்கும் ஓர் ஆய்வு மாணவர் பொறுப்பு. தங்கைக்கு வந்தவை, ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் இருக்கும் மிளகாய் வயல்கள். தண்ணீர் எல்லாரையும் விசாரித்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போய்ச் சேரும்.*

* இந்த இடத்தில் ஒரு வரைபடம் போடலாம் என்று பச்சை சார் யோசனை சொன்னார். போட்டுப் பார்த்தேன். வரைபடத்தில் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. எடுத்துவிட்டேன்.

4

இனி பாத்திரம். வாய்க்காலின் கடைசி வயலுக்குச் சொந்தக்காரி. தங்கை அவரை மிளகாய்க்காரம்மா என்பாள், அவர் தங்கையை டாக்டரம்மா என்பார். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. "வந்தப்புறம் புதுசாக் கூப்பிட்டா வாய்ல வராது, இப்பவே பழகிக்கறேன்" என்பது அவருடைய நியாயம்.

முதல் வரைவில் அவரை 'மண்ணோடு பேசுபவர்' என்று எழுதியிருந்தேன். போய்ப் பார்த்தபோது மண்ணோடு பேசவில்லை. எல்லைக் கல்லை ஒரு சாண் நகர்த்திவிட்டதாகப் பக்கத்து வயல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், மண்கூடக் காதைப் பொத்திக்கொள்ளும் சத்தத்தில். 'மண்ணோடு பேசுபவர்' என்பதை அடித்தேன். 'சாந்தமானவர்' என்பதை அடித்தேன். 'பாரம்பரிய அறிவின் ஊற்று' என்பதை அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

"அப்படின்னா?" என்றார்.

"அனுபவத்துல எல்லாம் தெரிஞ்சவங்கன்னு."

"போன வருஷம் விதைக்கடைக்காரன் பேச்சைக் கேட்டு நட்டது ஒண்ணுகூட முளைக்கல. அதையும் சேர்த்து எழுதிக்கோ."

அதையும் அடித்தேன். 'கனிவானவர்' என்று ஒரு சொல் மிச்சம் இருந்தது. சண்டைச் சத்தம் காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால் அதையும் அடித்துவிட்டேன். இப்போது திரும்ப எழுதுகிறேன்: கனிவானவர். இந்தக் கதையில் நடந்த அத்தனை கேட்டுக்கும் அதுதான் காரணம்.

5

பேட்டி எடுக்கப் போன அன்று மிளகாய்க்காரம்மா எங்களை வயலுக்குள் அழைத்துப்போகாமல், நேராகச் சென்சார் இருந்த மூலைக்கே கூட்டிப்போனார்.

"போட்டோவை இங்கேயே எடுத்துக்கோங்க. இந்த இடம்தான் பார்க்க நல்லா இருக்கும்."

நன்றாகத்தான் இருந்தது. சென்சாரைச் சுற்றி ஒரு வட்டத்துக்குச் செடிகள் கரும்பச்சையாய்த் தழைத்து, பூவும் காயுமாக நின்றன. முழுவதும் படத்துக்குள் வரட்டும் என்று பின்னால் நகர்ந்தேன். காலில் ஏதோ சரசரத்தது. திரும்பிப் பார்த்தேன். அந்த வட்டத்துக்கு வெளியே வயல் முழுக்க இலைகள் சுருண்டு தொங்கின. பூக்கள் உதிர்ந்து தரையில் கிடந்தன. மண் கால்விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

தங்கை தன் போனை எடுத்துப் பார்த்தாள். அந்த வயலின் புள்ளி பச்சை. வயலைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மிளகாய்க்காரம்மாவின் வீட்டுக்காரர் ஒரு வாளியோடு வந்தார். தலையைக் குனிந்தபடியே வந்து சென்சாரின் காலடியில் மொத்தத் தண்ணீரையும் ஊற்றி, வாளியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு நிமிர்ந்தவர், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் தங்கை.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்களேன், கேக்கறாங்கள்ல" என்றார் மனைவி.

"இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார் அவர்.

"எதுக்குங்க இதுக்குப் போய்த் தண்ணி ஊத்தறீங்க?"

இப்போது மிளகாய்க்காரம்மாவே முன்னால் வந்தார். "ஊத்தலேன்னா செவந்துடுமில்ல? செவந்தா அந்த சார் உன்னைத் திட்டுவாரில்ல?"

"யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? அன்னைக்கு நம்ம வீட்டுல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தே. போன் வந்துது. நீ வெளியில போய்த்தான் பேசினே, ஆனா அவர் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுது. 'எல்லார்துமே பச்சையா இருக்கு, உன்னோடது மட்டும் ஏம்மா செவப்பு'ன்னு. உள்ளே வந்து டம்ளரால மூஞ்சிய மறைச்சுக்கிட்டியே."

"நான் ஒண்ணும் அழல."

"அழுதேன்னு நான் சொன்னேனா? மூக்கை உறிஞ்சினே."

தங்கை காலி வாளியையே பார்த்தாள்.

"இந்தக் குழாய் உன் பரிட்சைக்குன்னு வெச்சதுதானே? படிக்கிற பிள்ளைக்கு நம்மால ஆனது, வீட்டுத் தண்ணியில ஒரு பக்கெட். அதுக்குப் போய் ஏன் இப்படிப் பார்க்கறே?"

"நீங்க மட்டுமா ஊத்தறீங்க?"

"இந்த வரிசையில எல்லாருமேதான். எல்லைக் கல்லைத் திருடினான் பாரு, அவன்கூட ஊத்தறான். அந்த ஒரு விஷயத்துல அவனைக் குறை சொல்ல முடியாது. காலையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா 'டாக்டரம்மாவுக்கு ஊத்தியாச்சா'ன்னுதான் கேட்டுக்குவோம்."

விருந்தாளி வருகிறார் என்றால் வீடு முழுக்கவா துடைக்கிறோம்? கூடத்தை மட்டும் துடைத்து நாற்காலி போட்டு உட்கார வைப்போம். சென்சாரையும் இவர்கள் அப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விருந்தாளி, நம் வீட்டுக் கஷ்டம் அதற்குத் தெரிய வேண்டாம்.

"சரி, வயலுக்கு? வாய்க்கால்ல தண்ணி வரலையா?" என்று கேட்டேன்.

"எங்க வருது? மதகைத் திறக்கவே மாட்டேங்கறாங்க. வாய்க்கால் ஆபீசுக்கு எல்லாருமாப் போனோம். அதிகாரி அவரோட போனைக் காட்டி 'உங்க பக்கம் பூரா பச்சையா இருக்கே, இன்னும் எதுக்குத் தண்ணி'ங்கறார். வயல்லேர்ந்துதானே சார் வர்றோம், காஞ்சு கிடக்குதுன்னோம். 'நீங்க வாயால சொல்றதை நான் ஃபைல்ல வைக்க முடியுமா'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? பாவம், அவர் போன் ரிப்பேர் போலன்னு திரும்பிட்டோம்."

தங்கை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

6

அவள் உட்கார்ந்திருக்கட்டும். ஏன் உட்கார்ந்தாள் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பல்கலைக்கழகமும் வாய்க்கால் அலுவலகமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. திரையை இனி வாய்க்கால் அதிகாரியும் தன் போனில் பார்ப்பார். எந்தப் பக்கம் சிவக்கிறதோ அந்தப் பக்கத்து மதகு திறக்கும். பச்சையாக இருந்தால் திறக்காது. நல்ல ஏற்பாடுதான், கேலி செய்யவில்லை. கைகுலுக்கும் படம்கூட ஆண்டு மலரில் என் கதைக்கு எதிர்ப்பக்கத்தில் வந்திருக்கிறது.

இதை யாரும் யாருக்கும் மறைக்கவில்லை. விவசாயிகளுக்குச் செயலியில் அறிவிப்பு போயிற்று. அது தொடரின் முக்கியமான கட்டத்தில் கதாநாயகியின் முகத்தை மறைத்துக்கொண்டு வந்ததால் எல்லாரும் விரலால் தள்ளிவிட்டார்கள். ஆய்வு மாணவர்களுக்கு மின்னஞ்சல் போயிற்று. தங்கை அப்போது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அவசரத்தில் பக்க எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. அதிகாரியின் போன் என்றதும்தான் தங்கைக்கு அந்த மின்னஞ்சல் நினைவு வந்தது.

ஆக, வாளி ஊற்றுவதால் புள்ளி பச்சை. புள்ளி பச்சையாக இருப்பதால் மதகு மூடியே கிடக்கிறது. மதகு மூடிக் கிடப்பதால் வயல் காய்கிறது. வயல் காய்வதால் சென்சாருக்கு இன்னும் கவனமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. மிளகாய் பூக்கிற நேரம் இது. இந்த வாரம் தண்ணீர் வராவிட்டால் பூ முழுக்கக் கொட்டிவிடும், அப்புறம் வந்தும் பயனில்லை.

வாளியை நிறுத்தினால் போதுமே என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நிறுத்தலாம். புள்ளிகள் சிவக்கும், மதகு திறக்கும், செடி பிழைக்கும். கூடவே இன்னொன்றும் நடக்கும். திட்டத்தால் வயல்களில் ஈரம் சீராக இருக்கிறது என்பதுதான் தங்கை சமர்ப்பித்த ஆய்வேட்டின் முடிவு. இந்தப் புள்ளிகளை நம்பித்தான் அதை எழுதியிருக்கிறாள். வாய்மொழித் தேர்வு வரப்போகிறது. ஒரே நாளில் எல்லாப் புள்ளியும் கூட்டாகச் சிவந்தால், தேர்வாளர் தூங்கிக்கொண்டிருந்தாலும் விழித்துக் கேட்பார். ஆய்வேடு போகும், திரும்ப முதலிலிருந்து. எங்கள் அப்பா வாசலில் மாட்ட 'முனைவர்' என்று பெயர்ப்பலகையே அடித்து, அலமாரியில் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். அது எங்கள் இருவருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

(தங்கை: "பெயர்ப்பலகை விஷயத்தை எடுத்துடு. அப்பா படிப்பார்." எடுக்கவில்லை.)

சரி, வரப்புக்குத் திரும்புவோம். தங்கை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள், தன் பங்கை மட்டும் சொல்லாமல். மிளகாய்க்காரம்மா சுருண்ட இலை ஒன்றை விரலால் நீவிப் பார்த்தார்.

"நாளைக்கு ஊத்தாம விட்டா உனக்கு என்ன ஆகும்?"

"எனக்கா? ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற மூஞ்சியா இது?"

வீட்டுக்காரர் வாளியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "பரிட்சை முடியற வரைக்கும் பொறுத்துக்கிட்டா?"

"செடி பொறுக்குமா?" என்றார் மனைவி.

கிளம்பும்போது மிளகாய்க்காரம்மா, "போட்டோ எடுக்கவே இல்லையே" என்று சென்சாருக்குப் பக்கத்தில் போய் நின்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். எடுத்தேன்.

7

இனி முடிவுகள்.

முதல் முடிவு, ஆண்டு மலரில் வந்தது. அதில் வாளி கிடையாது. பசுமையான வட்டம் உண்டு, சிரிப்பு உண்டு, "இனி என் வயல் பல்கலைக்கழகத்தின் கண்பார்வையில்" என்று மிளகாய்க்காரம்மா சொல்லாத ஒரு வரி உண்டு. பச்சை சார் பச்சை நிற இதயம் அனுப்பிப் பாராட்டினார்.

இரண்டாவது முடிவு, கோபத்தில் எழுதிப் பார்த்தது. விவசாயிகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு வாளியோடு பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து, அந்தக் குளிர் அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு, திரையின் முன்னால்—

இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். இவர்களும் கழற்றுவார்கள். பிறகு குளிர் பழகாமல் தும்முவார்கள். யாராவது நாற்காலி கொண்டுவந்து போடுவார், டீ வரும். "சார் சவுக்கியமா" என்று விசாரித்துவிட்டு வாளியோடு திரும்பிவிடுவார்கள். எனக்கு இவர்களைத் தெரியும்.

மூன்றாவது முடிவு, நிஜமாக நடந்தது. தங்கை பச்சை சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை.

"வாளியிலயா ஊத்தறாங்க?"

"ஆமா சார்."

"தினமுமா? எல்லாருமா?"

"ஆமா சார்."

"நாம சொல்லாமலேயா?"

"ஆமா சார்."

"இதுக்குப் பேர்தாம்மா சமூகப் பங்கேற்பு" என்றார். "நம்ம அறிக்கையில அந்தப் பகுதி காலியா இருந்துது. நல்லவேளை சொன்னே."

"சார், வயல் காயுது."

"புரியுது. ஆனா இப்ப நிதி கொடுக்கறவங்க திரையைப் பார்க்க வர்றாங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும். உன் தேர்வும் நல்லபடியா முடியட்டும். அப்புறம் நிதானமா செவப்பாக்கிக்கலாம்."

"அதுக்குள்ள செடி செத்துடும் சார்."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். "பச்சையாத்தானேம்மா இருக்கு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார் என்கிறாள் தங்கை.*

* துணைவேந்தரின் அறையிலும் இதே திரை உண்டு, இன்னும் பெரிது. அங்கே ஒரு புள்ளி சிவந்தால் "யாரோட துறை இது?" என்று கேட்பாராம். நிதி கொடுப்பவர்களின் ஊரில் எவ்வளவு பெரிய திரை என்று விசாரிக்க எனக்குத் தெம்பில்லை.

தங்கை அந்தக் குளிர் அறையிலிருந்தபடியே வாய்க்கால் அதிகாரிக்கும் போன் செய்தாள். அந்த வயல்கள் காய்ந்து கிடக்கின்றன, தயவுசெய்து திறந்துவிடுங்கள் என்றாள்.

"நீங்க யாரும்மா?"

"அந்தத் திரையில அந்தப் பகுதியைப் பார்த்துக்கறதே நான்தான் சார்."

"அப்ப திரையிலயே சொல்லுங்கம்மா."

திரையில் புள்ளியின் நிறத்தைக் கையால் மாற்றிவிடலாம், அவளுக்குக் கடவுச்சொல் தெரியும். மாட்டேன் என்றுவிட்டாள். விசைப்பலகையால் மாற்றினால் அது மோசடி. வாளியால் மாற்றினால் அன்பு. அவளால் தடுக்க முடிந்தது முதலாவதைத்தான்.

8

மாலை ஆகிவிட்டது. தங்கை என் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் கிளறிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய போன் மேடைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்கிறது. பச்சை சார்தான். அவள் எடுக்கவில்லை.

ஏனென்றால் சற்று முன்பு ஒரு காரியம் செய்தாள். 'உங்கள் வயலுக்கு நீர் தேவை' என்று எல்லாருக்கும் போகுமே, அந்த அழைப்புக்குப் புதிதாக ஒன்றைப் பதிவு செய்து அத்தனை வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள். சோதனைக்காக என் எண்ணையும் அந்தப் பட்டியலில் எப்போதோ சேர்த்திருந்தாள் போல, எனக்கும் வந்தது. அவள் எதிரே உட்கார்ந்திருக்க, அவள் குரலையே போனில் கேட்டேன்.

"வணக்கம். நாளைக் காலையில் சென்சாருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சிவந்தால்தான் மதகு திறக்கும். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகாது."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பதிவைச் சரியாக நிறுத்தத் தெரியாமல் விட்டுவிட்டாள். "ஆகாது"க்குப் பிறகு கொஞ்சம் மௌனம், அப்புறம் ஒரு மூக்குறிஞ்சல். அதுவும் சேர்ந்துதான் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. மிளகாய்க்காரம்மா வீட்டு அடுப்படியிலும் கேட்டிருக்கும். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"நாளைக்கு ஊத்துவாங்களா?" என்று கேட்டேன்.

"ஊத்த மாட்டாங்க. சொல்லிட்டேனில்ல" என்றாள். பிறகு, "ஊத்தினாலும் ஊத்துவாங்கக்கா" என்றாள். எது நடக்க வேண்டும் என்று அவள் மனசு ஆசைப்படுகிறது என்று நான் கேட்கவில்லை. அக்காவாக எனக்கு எது வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம்தான், மாட்டேன். எழுதினால் கை தானாகப் பச்சைக்குப் போய்விடும், தொழில் அப்படி. மதகும் திறந்தது, பட்டமும் கிடைத்தது, அப்பா பலகையை மாட்டினார் என்று கடைசிப் பத்தியில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவேன்.

நீங்கள் முடியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்ததும் எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று "அருமை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கதை எங்கே காய்ந்திருக்கிறதோ அங்கே காய்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள். இத்தனை காலமும் என் காலடியில் ஊற்றியவர்கள் ஊற்றியது போதும்.

(தங்கை எட்டிப் பார்த்துவிட்டு "சூப்—" என்றாள். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். "மூணாவது பகுதி இழுக்குதுக்கா" என்றாள். நான் எழுதத் தொடங்கியதிலிருந்து அவள் எனக்குச் சொன்ன முதல் குறை இது.)

இப்போது விடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியைக் குழாயடியில் வைத்து நிரப்பிவிட்டீர்கள், அது கைப்பழக்கம், அதற்கு யோசனை தேவையில்லை. தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து வந்து மூலையில் நிற்கிறீர்கள். முன்னால் வெள்ளைக் குழாய். இரண்டு எட்டு தள்ளி இலை சுருண்ட செடி. ஒரு வாளி வயலுக்குப் போதாது என்று உங்களுக்கும் தெரியும். நேற்று மாலை போனில் கேட்ட மூக்குறிஞ்சல் இன்னும் காதிலேயே இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், எல்லைக் கல்லை நகர்த்தியவர் தன் வாளியைக் கீழே வைக்காமல், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்களும்.

"என்ன, டாக்டரம்மாவுக்கு ஊத்தியாச்சா?" என்று கேட்கிறார்.